கோழி குறண்டி நிற்கிறதா? கொழும்பின் மழை மாதங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒக்டோபர் பிறந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, கோழி குறண்டிக்கொண்டு நிக்குது, குளிராக்கும். பல்ப் ஒண்டு போடட்டோ?" வெள்ளவத்தையில் மொட்டைமாடியில் நாலு பேடு வைத்திருப்பவரும் கேட்பார், வத்தளையில் வளவு நிறையக் கோழி விட்டிருப்பவரும் கேட்பார். என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: குளிர் இல்லை, ஈரம்.

கோழியின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். கொழும்பில் தை மாத விடியற்காலைகூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இறகு காய்ந்திருக்கும் வளர்ந்த கோழிக்கு அது சுகமான காற்று. இறகு நனைந்தால்தான் கதை மாறும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பும் குளிர்கால வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூட்டைப் பொலித்தீனால் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். நான் அதிகம் அவிழ்த்தது அந்தக் கட்டுகளைத்தான். பனி கொட்டும் ஊரில்கூடக் கூட்டின் மேல்பக்கம் காற்றுவழி விட்டுத்தான் மூடுவார்கள். வீடியோ பார்ப்பவர் கண்ணில் அந்த இடம் மட்டும் படுவதில்லை.

முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. உங்கள் கோழியில் தெரியும் அறிகுறிக்குப் போய், அங்கே மேலிருந்து கீழே வாருங்கள். செலவில்லாதது முதலில், காசு பிடிப்பது கடைசியில். எந்த அறிகுறியானாலும் முதல் வேலை, அந்தக் கோழியை வேறாக்குவது. காற்றுத் துளை போட்ட காட்போட் பெட்டி, தண்ணீர், கொஞ்சத் தீன், அடியில் பழைய பேப்பர். எச்சத்தின் நிறம் பேப்பரில்தான் தெளிவாகத் தெரியும், உமியில் தெரியாது.

## குறண்டி, இறகை உப்பிக்கொண்டு நிற்கிறது

### தொட்டால் ஈரமாக இருக்கிறது

பழைய துவாயால் இறகின் போக்கிலேயே ஒற்றித் துடையுங்கள். குசினி மூலையில் பெட்டியோடு வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்து, எழும்பித் தீன் கேட்கும். கேட்டால் நோயில்லை. இனி எங்கே நனைந்தது என்று தேட வேண்டும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையோடு போய், கோழி இரவில் ஏறி நிற்கும் தடியில் கையை வையுங்கள். சாரல் அடிக்கிறதென்றால் அது வரும் பக்கத்தை மட்டும் தறப்பாளால் மறையுங்கள். மே, ஜூன் மழைக்குக் காற்று கடல் பக்கமிருந்து வரும், மார்கழி தையில் வடகிழக்கிலிருந்து வரும். ஒக்டோபர் நவம்பர் பின்னேர இடிமழைக்கு மட்டும் திசை கிடையாது. அதனால் தறப்பாளை ஆணியடித்து இறுக்காமல், சுருட்டி ஏற்றி இறக்கக் கூடியதாகக் கட்டுங்கள். எந்தப் பக்கம் மறைத்தாலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும்.

சாரல் இல்லை, ஆனால் சொட்டுகிறது என்றால் தகரத்தின் ஆணித் துளைகளைப் பாருங்கள். ஹாட்வெயாரில் கிடைக்கும் சீலன்ட் போதும். தகரம் முழுக்கக் கறள் பிடித்து நட்சத்திரம் தெரிகிறதென்றால் கூரை வேலை தெரிந்த பாஸைக் கூப்பிட்டு மாற்றுவதுதான் மலிவு.

மழையே பெய்யாத இரவிலும் தடி நனைந்திருக்கிறதா? விடியப்புறம் தகரத்தின் அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். விரலில் நீர் வடிந்தால் தகரம் வியர்க்கிறது. கோழிகளின் மூச்சீரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் துளியாகி அவற்றின் முதுகிலேயே விழுகிறது. பொலித்தீன் சுற்றிய கூடுகளில் இது நிச்சயம் நடக்கும். பொலித்தீனைக் கழற்றுங்கள். தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு வரிசைக் கிடுகு கட்டினால் சொட்டுவது நின்றுவிடும்.

### காய்ந்துதான் இருக்கிறது

நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இல்லாமல் எலும்பு கத்தி முதுகு போல நின்றால், இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. குடற்புழு, செள், பழைய நோய் மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

கழுத்தடியிலுள்ள தீன்பையை விடியற்காலை, தீன் வைக்க முன் தொட்டுப் பாருங்கள். வெறுமையாக இருக்க வேண்டும். கல்லாக இறுகியோ, நீர் நிறைந்து புளித்த மணத்தோடோ இருந்தால் தீனை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். அடுத்த நாளும் அப்படியே என்றால் மிருக வைத்தியரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வைத்தியம் வேண்டாம். நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்க் கோழி கையிலேயே செத்துவிடும்.

முட்டையிடும் பேடு வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முக்குகிறதா? முட்டை சிக்கியிருக்கலாம். கை தாங்கும் இளஞ்சூட்டு வெந்நீரை ஒரு பேசினில் எடுத்து, வயிறு அமிழும்படி கால் மணி நேரம் வைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்கவோ விரலால் உடைத்தெடுக்கவோ கூடாது. ஒரு நாளுக்குள் வராவிட்டால் வைத்தியர்தான்.

ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி குறண்டினால் இந்தப் பகுதியை விட்டுக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## தடிமன்: தும்மல், கண்ணில் நுரை, கரகர மூச்சு

### பல கோழி தும்முகிறது, ஆனால் எல்லாம் நன்றாகத் தின்கிறது

மருந்துக் கடைக்குப் போக முன் கூட்டுக்குள் குனியுங்கள். விடியற்காலை, கதவு திறந்தவுடன், முகத்தைக் கோழியின் உயரத்துக்குக் கொண்டுபோய் இரண்டு மூச்சு எடுங்கள். கண் கரித்தாலோ மூக்கு எரிந்தாலோ, ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு கூடிவிட்டது. நின்றுகொண்டு மணந்தால் தெரியாது, நீங்கள் நிற்கும் உயரத்தில் கோழி தூங்குவதில்லை.

அடுத்தது பிடி சோதனை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்திலும் தடிக்குக் கீழேயும் உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரியுங்கள். உதிர்ந்து விழுந்தால் நல்லது. உருண்டையாக நின்றால் அந்தப் பகுதியை அன்றே வாரி வெளியே போடுங்கள். மேலே புது உமி தூவி மறைப்பது வேலைக்காகாது, அடியில் புளிப்பது நிற்காது. கோழி உள்ளே நிற்க, ஈரக் குப்பையின் மேல் சுண்ணாம்பு தூவுவதும் பிழை. அது அமோனியாவை இன்னும் கிளப்பிவிடும். சுண்ணாம்புக்குரிய இடம், முழுவதும் வாரிக் கழுவிய வெறும் நிலம்.

அடியில் போட நெல் உமி அல்லது பெரிய சுருளாக விழும் மரச்சீவல் நல்லது. மலிவு என்று தும்புச் சோற்றை வாங்காதீர்கள், நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சணம் பூத்த வைக்கோலைக் கூட்டுக்குக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போய்ப் பிடித்தால் மருந்து பலிப்பது அரிது.

அமோனியா போய், காற்று வந்து, சில நாளில் தும்மல் அடங்கினால் விஷயம் முடிந்தது.

### முகம் வீங்கியிருக்கிறது, மூக்குநீர் நாறுகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது

இங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. கண்ணைச் சுற்றி வீங்கி, சொண்டுக்கருகே துர்நாற்றத்துடன் நீர் வடிந்தால் கொரைசா போன்ற பக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பல நாள் கரகரப்பு மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொரு கிருமியாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு, அளவு வேறு. மனிதருக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிசிலினைத் தண்ணீரில் கரைத்து வைக்கும் பழக்கம் நம்மவரிடம் நிறைய உண்டு. அரைகுறை அளவில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். மருந்து கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்பதையும் வைத்தியரிடமே கேளுங்கள்.

கொழும்பில் தனியார் மிருக வைத்தியர்களில் பலர் நாய் பூனைதான் பார்ப்பார்கள். கோழி பார்ப்பார்களா என்று போகுமுன் தொலைபேசியில் கேளுங்கள். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் இயங்கும் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகம் கோழியும் பார்க்கும்.

## எச்சம் சரியில்லை

பழுப்பு, பசை, கடும் நாற்றம். சில எச்சத்துக்கு ஒருமுறை இப்படி வருவது இயல்பு. பாதித் தொலைபேசி இதற்குத்தான் வருகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

வெறும் நீர். வெயில் நாளென்றால் கூடக் குடித்திருக்கும். மழை நாளில் என்றால் தீனை மணந்து பாருங்கள். குசினி மிச்சமும் வெள்ளரித்தோலும் அதிகமானாலும் இப்படி வரும்.

இரத்தம், அல்லது செம்மண் நிறம். மூன்று முதல் எட்டு வார வயதுக் குஞ்சுகளில் முதல் சந்தேகம் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி. சூடும் ஈரமும் சேர்ந்த குப்பையில் இதன் முட்டைகள் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். கொழும்பின் மழைமாதம் அதற்கென்றே அமைந்தது. அன்றே குப்பையை மாற்றுங்கள், தண்ணீர்ப் பாத்திரத்தை எச்சம் விழாத உயரத்துக்கு ஏற்றுங்கள், அம்ப்ரோலியம் கலந்த மருந்தை வைத்தியரிடமோ கால்நடை மருந்துக் கடையிலோ கேட்டு, லேபிளில் உள்ள அளவில் குடிநீரில் கொடுங்கள். அந்த நாட்களில் வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. தானாகக் குடிக்க முடியாத அளவுக்குக் குஞ்சு சோர்ந்துவிட்டாலோ மறுநாளும் இரத்தம் நிற்காவிட்டாலோ வைத்தியர்.

பச்சை நீர். தின்னாமல் கிடக்கும் எந்தக் கோழிக்கும் பச்சையாகப் போகும். ஆனால் கழுத்துத் திருகலோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

வெள்ளம் ஏறி இறங்கிய வளவென்றால் கணக்கே வேறு. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் களனி கங்கை வீடுகளுக்குள் வந்தது நினைவிருக்கும். நீர் பட்ட தீனையும் உமியையும் காயவைத்து எடுக்கப் பார்க்காதீர்கள், எல்லாவற்றையும் கொட்டுங்கள். கூடு கழுவும்போது பூட்ஸும் கையுறையும் போடுங்கள். தீனைத் தேடி எலி வரும் இடத்துச் சேற்றில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் கோழிக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

## முட்டை நின்றுவிட்டது

### ஒளித்து இடுகிறதா, யாராவது எடுக்கிறார்களா?

முதலில் வளவைத் தேடுங்கள். மழைக்கு நனையும் பெட்டியை விட்டுக் கராஜ் மூலைக்கோ வாழையடிக்கோ பேடு இடம் மாறியிருக்கும். ஓரிரு நாள் காலை பத்து மணி வரை கூட்டிலேயே அடைத்து வைத்தால் உண்மை தெரியும். கோது கூட இல்லாமல் போனால் பாம்பு, உடும்பு, எலி. கால்வாயோரம் என்றால் கபரகொய்யா என்ற நீர் உடும்பும் வரும்.

### இறகு கொட்டுகிறது

கூட்டுக்குள் இறகு பறந்து, கழுத்து மொட்டையாக இருந்தால் இறகு மாற்றம். இரண்டு மூன்று மாதம் முட்டை குறையும் அல்லது நிற்கும். கழுத்தில் புது இறகுக் குருத்து குத்தினால் பயமில்லை. கருவாட்டுத் தலை, நெத்தலித்தூள் போன்ற புரதம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். உப்புக் கருவாடென்றால் ஊறவைத்துக் கழுவிவிட்டு.

### தீன்

இதில்தான் அதிகப் பேர் சறுக்குவது. முட்டையிடும் பேட்டுக்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை லேயர் தீன் வேண்டும். வீட்டில் மிஞ்சிய சோற்றையும் பழைய பாணையும் காலையிலேயே கொட்டினால் அதிலேயே வயிறு நிறைந்துவிடும், புரதமும் கல்சியமும் உள்ளே போகாது. மிச்சச் சாப்பாடு பின்னேரம், ஒரு கைப்பிடி. சிப்பி ஓட்டுத் தூளைத் தனிச் சிரட்டையில் வைத்தால் வேண்டியதைத் தானே கொத்திக்கொள்ளும்.

மழைமாதத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் பூஞ்சணம். தீன் மூட்டையின் அடிமூலைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். கட்டி கட்டியாக வந்தால், பச்சையோ சாம்பலோ பூத்திருந்தால், பழைய நிலவறை மணம் வந்தால், மூட்டை முழுவதையும் எறியுங்கள். வெயிலில் காயவைத்தாலும் கட்டியை மட்டும் பொறுக்கினாலும் அஃப்ளாடொக்சின் நஞ்சு போகாது. அது கோழியின் ஈரலைத் தின்னும், முட்டை குறையும், குஞ்சு சாகும். மூட்டையாக வாங்கினால் இலாபம்தான், ஆனால் ஒக்டோபர் தொடக்கம் ஓரிரு வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டு, சிமெந்து நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். பழைய தீன் தீர்ந்து, வாளியைத் துடைத்த பிறகுதான் புதியது கொட்ட வேண்டும்.

### செள்

பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் டோர்ச்சோடு போய், ஒரு வெள்ளை டிசுவால் தடியின் அடிப்பக்கத்தையும் பொருத்து இடுக்குகளையும் அழுத்தித் துடையுங்கள். டிசுவில் சிவப்புக் கோடு இழுபட்டால் செஞ்செள் இருக்கிறது, அந்தச் சிவப்பு உங்கள் கோழியின் இரத்தம். கொண்டை வெளிறியிருப்பதும் இதனால்தான். தடியைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றுங்கள், இடுக்குகளை அடையுங்கள். கோழிக்குரிய செள்மருந்தைக் கேட்டு வாங்கிக் கூட்டுக்கும் கோழிக்கும் போடுங்கள், ஒரு வாரம் பத்து நாளில் இன்னொரு தடவை. முதல் தடவை முட்டைக்குள் இருந்தவை அப்போது வெளியே வந்திருக்கும்.

### பகல் குறைந்ததால் என்கிறார்கள்

வெளிநாட்டு விளக்கம். கொழும்பில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நீளத்தில் வித்தியாசம் முக்கால் மணி நேரம்தான். பேடு உச்சமாக முட்டையிட 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும், பண்ணைக்காரர் அதற்காகவே மின்குமிழ் போடுகிறார்கள். வீட்டில் நாலு பேட்டுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

## கொண்டையில் கறுப்புப் புள்ளி

பனிக்கடி என்று நினைத்து வாஸ்லின் பூசி அனுப்பிய படங்கள் என்னிடம் சேர்ந்து கிடக்கின்றன. கொழும்பில் பனிக்கடி வராது. நுவரெலியாவில் தை மாசியில் புல்லில் உறைபனி படியும் தோட்டங்களில்கூட, கூடு காய்ந்திருந்தால் கொண்டை தப்பிவிடும்.

தட்டையாக, விரலால் துடைத்தால் போகும் என்றால் காய்ந்த இரத்தம், கொத்துச் சண்டை. மேடாக, பாலுண்ணி போல, கண்ணோரத்திலும் சொண்டோரத்திலும் இருந்தால் கோழி அம்மை. பொருக்கைப் பிய்க்க வேண்டாம், பொவிடோன் அயடின் தடவலாம். மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். கண் மூடிப்போனால் கோழி பட்டினி கிடக்கும், தீனைச் சொண்டுக்கு நேரே பிடியுங்கள். வாயைத் திறந்து பாருங்கள். உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் மூச்சடைக்கும், உடனே வைத்தியர். மிச்சக் கோழிகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடலாமா என்றும் அப்போதே கேளுங்கள்.

அம்மையைப் பரப்புவது பெரும்பாலும் நுளம்பு. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் ஊற்றி, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். கூட்டுக்குப் பின்னால் கிடக்கும் சிரட்டை, தயிர்ச் சட்டி, தறப்பாள் மடிப்பில் நிற்கும் நீர் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். டெங்குச் சோதனைக்கு வரும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

கொண்டை முழுக்க நீலம் பாரித்தால் அம்மை இல்லை. மூச்சோ இதயமோ. வைத்தியர்.

## குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்குகின்றன

இந்த ஊரில் உண்மையாகவே குளிர்வது குஞ்சுக்கு மட்டும்தான். முதல் வாரம் 32 முதல் 35 பாகை வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். விளக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் மறுபக்கமிருந்து காற்று அடிக்கிறது. பரவிப் படுத்தால் சரி.

மின்குமிழ் எரிகிறது, ஆனாலும் குவிகிறதா? குமிழைப் பாருங்கள். எல்.ஈ.டி. என்றால் அது வெளிச்சம் மட்டும் தரும். பழைய குண்டு பல்ப் அல்லது குஞ்சுகளுக்கென்று விற்கும் சூட்டு விளக்கு வேண்டும். வயரில் மட்டும் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள், விழுந்தால் உமி பற்றும். ஈரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதீர்கள், எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கரண்ட் போன இரவுக்குச் சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம். கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அந்த வாயு குஞ்சையும் கொல்லும், பக்கத்து அறையில் படுப்பவரையும் கொல்லும்.

## திடீர்ச் சாவு, கழுத்துத் திருகல், அடுத்தடுத்து விழுகிறது

இதில் வீட்டில் செய்யும் சோதனை கிடையாது. பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், கால் இழுத்தல், தலை முறுக்கித் திரும்புதல் சேர்ந்து வந்தால் ரனிகெட் என்ற வைரஸ் நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வந்தபின் மருந்தில்லை. முன்கூட்டிய தடுப்பு மருந்து மட்டும்தான், அதுவும் திறந்த குப்பி சில மணி நேரத்துக்குள் தீர வேண்டும். ஆகவே அயலில் கோழி வைத்திருப்பவர்கள் ஒரே நாளைப் பேசி வைத்துக்கொண்டு போடுவதுதான் கட்டுப்படியாகும்.

அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். அதுவரை கோழி விற்பது, கொடுப்பது, அறுப்பது எல்லாம் நிற்க வேண்டும். வேறு கோழி வைத்திருப்பவர் வீட்டுக்கு அதே செருப்போடு போகாதீர்கள். செத்த கோழியைக் கையுறையோடு எடுத்து, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வையுங்கள். உறைய விட்டால் பிரேத பரிசோதனையில் தெரிய வேண்டியது தெரியாமல் போகும். கால்வாயில் எறிவதும் குப்பை லொறிக்குக் கொடுப்பதும் வேண்டாம். எங்கே எவ்வளவு ஆழத்தில் புதைப்பது என்பதை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள், பள்ளமான வளவுகளில் கொஞ்சம் தோண்டினாலே நீர் வந்துவிடும்.

தொலைபேசி எடுக்க முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மொத்தம் எத்தனை கோழி, எத்தனை செத்தது, வயது, கடைசியாகத் தடுப்பு மருந்து போட்ட மாதம், புதுக் கோழி எப்போது எங்கிருந்து வந்தது, தீன் மூட்டை எப்போது திறந்தது, கூட்டுக்குள் மழை போனதா. அவர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான்.